பெட்டியில் போட்டிருக்கும் 34 நிமிடத்தை நம்பலாமா?

நீங்கள் கேட்டது நான்கு வரிதான். 249 கிராம் எடையுள்ள புதிய மடக்கு ட்ரோன் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறீர்கள். 34 நிமிடம் பறக்கும், 10 கிலோமீட்டர் வரை போகும், எல்லாப் பக்கமும் தடைகளைப் பார்த்து விலகும், சிக்னல் போனால் தானே திரும்பி வரும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. இதில் எது நிஜம், வீடியோ எடுப்பதைத் தவிர வேறு எதற்காவது உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கையை விட்டு மேலே போன பிறகு இந்தப் பொருளை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் அதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன். எதற்கு உதவும் என்பதும் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

நான் ஒன்பது வருடமாக ட்ரோன் பறக்கவிடுகிறேன். முதலில் படம் பிடிக்க, அப்புறம் கூரைகளையும் கட்டுமான இடங்களையும் பார்த்துச் சொல்லும் வேலைக்கு. மருந்து தெளிக்கும் பெரிய ட்ரோன்களும் பந்தய ட்ரோன்களும் என் பக்கம் இல்லை, அவற்றைத் தொடமாட்டேன். கீழே சொல்லும் எண்கள் உங்கள் எடைப் பிரிவில் உள்ள கேமரா ட்ரோன்களுக்குப் பொதுவாகப் பொருந்தும். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும்.

முதலில் அந்த 34 நிமிடம். பொய் இல்லை. ஆனால் அது எப்படி அளந்தது என்பது கையேட்டின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும்: காற்றே இல்லாத இடத்தில், புது பேட்டரியோடு, ஒரே சீரான மிதவேகத்தில், பேட்டரி காலியாகும் வரை. பக்கத்திலேயே அந்தரத்தில் நிற்கும் நேரம் என்று இன்னொரு எண் இருக்கும், அது நாலு நிமிடம் போலக் குறைவாக இருக்கும். நின்றால் செலவு குறையத்தானே வேண்டும் என்று தோன்றும். நிற்கும் ட்ரோன் தான் கீழே தள்ளிய கலங்கிய காற்றுக்குள்ளேயே திரும்பத் திரும்ப இறக்கையைச் சுழற்றுகிறது. மெதுவாக முன்னால் நகரும்போது இறக்கைக்குக் கலங்காத காற்று கிடைத்துக்கொண்டே இருக்கும், அதனால் தூக்கி நிறுத்தும் செலவு கொஞ்சம் குறைகிறது. வேகம் மிகக் கூடினால் காற்றின் எதிர்ப்பு அந்த லாபத்தைத் தின்றுவிடும். எப்படியிருந்தாலும் பேட்டரியைக் காலியாகும் வரை யாரும் ஓட்டுவதில்லை. 25 சதவீதத்தில் திரும்பத் தொடங்கி, 15 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதே தரையில் இருக்க வேண்டும் என்பது என் வழக்கம். அப்படிப் பார்த்தால் கையில் நிற்பது 22 முதல் 25 நிமிடம். காற்று பலமாக இருந்தால் இன்னும் குறையும், குளிரில் அதைவிடவும் குறையும். குளிர்ந்த பேட்டரியின் மின்னழுத்தம் திடீரென்று இறங்கும் என்பதால், குளிர் நாட்களில் பேட்டரியைச் சட்டைப்பையில் வைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் போடுவேன்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ட்ரோன்களைத் தொலைப்பதில் காற்றுக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அதோடு விளம்பரத்தில் அதற்கு ஒரே ஒரு எண்தான் இருக்கும். இந்தப் பிரிவில் அது வழக்கமாக வினாடிக்கு 10.7 மீட்டர், அதாவது மணிக்கு 38 கிலோமீட்டர் சொச்சம். அந்தக் காற்றில் ட்ரோனால் ஒரே இடத்தில் நிற்க முடியும் என்பதுதான் அதன் பொருள். உங்களிடம் திரும்பி வர முடியுமா என்பது தனிக் கணக்கு. உங்கள் ட்ரோன் சாதாரண மோடில் வினாடிக்கு 12 மீட்டர் போகும், காற்று 9 மீட்டர் வேகத்தில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றோடு போகும்போது இரண்டும் சேர்ந்து 21 மீட்டர் வரை ஆகலாம், ஒரு கிலோமீட்டரை ஒரு நிமிடத்துக்குள் தாண்டிவிடும். பார்க்க சந்தோஷமாக இருக்கும். திரும்பும்போது மிச்சம் வினாடிக்கு 3 மீட்டர். அதே ஒரு கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடம் வேண்டும், அதுவும் மோட்டார்கள் முழு மூச்சில் ஓட வேண்டும். தரையில் இலை அசையாத நாளிலும் 100 மீட்டர் உயரத்தில் நல்ல காற்று இருக்கலாம் என்பதால் கீழே நின்று பார்த்து முடிவு செய்யவும் முடியாது.

இந்தப் பாடத்தை நானும் பட்டுத்தான் கற்றேன். ஓர் ஏரிக்கரை ஓரமாகக் காற்று போன திசையிலேயே படம் எடுத்துக்கொண்டு போனேன். 60 சதவீதம் பேட்டரி இருக்கும்போதே திருப்பினேன், போதும் போதும் என்று நினைத்தேன். திரையில் தூரம் குறையவே இல்லை, சதவீதம் மட்டும் கடகடவென்று இறங்கியது. கடைசியில் இரண்டு காரியம் செய்தேன். மரங்களுக்குச் சற்று மேலே வரும்வரை உயரத்தைக் குறைத்தேன், கீழே காற்று குறைவு. அப்புறம் அதிக வேகத்தில் பறக்கவைக்கும் ஸ்போர்ட் மோடுக்கு மாற்றினேன். 6 சதவீதத்தில் வந்து இறங்கியது. அன்றிலிருந்து முதலில் காற்றுக்கு எதிராகத்தான் போவேன். அப்படிப் போனால் திரும்பும் வழி எப்போதும் சுலபமான வழியாக இருக்கும்.

அடுத்தது தானே திரும்பி வருவது. ரிட்டர்ன் டு ஹோம் என்று போட்டிருக்குமே, அது நல்ல வசதி. பலமுறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதற்கு வீடு என்பது புறப்பட்டபோது ஜிபிஎஸ் குறித்துக்கொண்ட ஒரு புள்ளி, அவ்வளவுதான். நீங்கள் அங்கிருந்து நகர்ந்துவிட்டது அதற்குத் தெரியாது. படகிலிருந்து ஏற்றினால், படகு நகர்ந்த பிறகும் பழைய இடத்துக்கே வந்து தண்ணீரில் இறங்கப் பார்க்கும். அவசரப்பட்டு, போதுமான செயற்கைக்கோள்கள் கிடைக்கும் முன்பே ஏற்றிவிட்டால், பறக்கும் வழியில் எங்கே சிக்னல் கிடைத்ததோ அதையே வீடு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அதனால் ‘ஹோம் பாயிண்ட் பதிவானது’ என்று திரையிலோ குரலிலோ வரும்வரை காத்திருங்கள். அரை நிமிட வேலை.

திரும்பும் உயரமும் உங்கள் பொறுப்புதான். திரும்பச் சொன்னதும் ட்ரோன் பொதுவாக நீங்கள் குறித்து வைத்த உயரத்துக்கு ஏறி, அங்கிருந்து நேர்கோட்டில் வரும். தடைகளைச் சுற்றி வழி கண்டுபிடிக்கும் மாடல்களும் வந்துவிட்டன, ஆனால் இருட்டில் அவற்றில் பலவும் இந்தப் பழைய முறைக்கே போய்விடும். சுற்றியுள்ள மிக உயரமான மரம், கோபுரம், கட்டிடம் எதுவோ அதைவிட இருபது மீட்டராவது கூட்டி வையுங்கள். இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. திரையில் காட்டும் உயரம் காற்றழுத்தத்தை வைத்துப் போடும் கணக்கு, புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு மேலே என்பதையே அது சொல்லும். மலையடிவாரத்தில் ஏற்றி, சரிவை நோக்கி 60 மீட்டர் உயரத்தில் ஓட்டினால், நிலம் ஏறிக்கொண்டே வந்து அந்த 60 மீட்டரைத் தின்றுவிடும். திரை அப்போதும் 60 என்றே காட்டும். கூரைக்கு அடியிலோ பெரிய மரத்துக்கு அடியிலோ பறக்கும்போது சிக்னல் போனால் இன்னொரு ஆபத்து: மேலே ஏறித்தான் திரும்பும் என்பதால் நேராகப் போய் முட்டும். அப்படிப்பட்ட இடங்களுக்குப் போகும் முன் சிக்னல் போனால் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பை ‘அங்கேயே நில்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

தடைகளைப் பார்த்து விலகும் என்பதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். இந்தச் சிறிய ட்ரோன்களில் அது பெரும்பாலும் ஜோடி கேமராக்களின் வேலை. நம் இரண்டு கண்களைப் போல இரண்டு படங்களுக்கு இடையேயுள்ள வித்தியாசத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகின்றன. அதற்கு வெளிச்சம் வேண்டும், எதிரில் இருக்கும் பரப்பில் ஏதாவது கோடோ புள்ளியோ கறையோ இருக்க வேண்டும். வெறும் வெள்ளைச் சுவர், கண்ணாடி, அசையாத தண்ணீர், மாலை மங்கல், எல்லாவற்றுக்கும் மேலாக மின்கம்பிகளும் இலையில்லாத மெல்லிய கிளைகளும் அதற்குத் தெரியாது. கம்பியைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே கிடையாது: தெரியவே தெரியாது என்று வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். சமீபத்திய சில மாடல்களில் முன்பக்கம் லைடார், அதாவது லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் கருவி, வைத்திருக்கிறார்கள், இருட்டில் அது உண்மையிலேயே உதவுகிறது. அதன் மேல் முழு பாரத்தையும் போடுமளவுக்கு நான் இன்னும் பறக்கவில்லை. முக்கியமான ஒன்று, ஸ்போர்ட் மோடில் இந்தத் தடைகாப்பு வேலை செய்யாது. மேலே சொன்ன ஏரிக்கரையில் நான் அதைப் போட்டபோது ஒரு மரக்கிளை குறுக்கே வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆட்டம் அசைவில்லாமல் அந்தரத்தில் நிற்பது மட்டும் விளம்பரத்தைவிடவும் நன்றாகவே இருக்கும். 2013-ல் வந்த டிஜேஐயின் முதல் ஃபேன்டம் ட்ரோனில் சொந்தக் கேமராவே இல்லை, ஒரு ஆக்‌ஷன் கேமராவைத் தொங்கவிட்டுப் பறக்க வேண்டும். இன்று 249 கிராமுக்குள் கேமராவும், அதை ஆடாமல் பிடித்து வைக்கும் மூன்று அச்சு கிம்பலும் அடங்கிவிட்டன. கைரோஸ்கோப் சாய்வைக் கவனிக்கிறது, ஜிபிஎஸ் இடத்தைப் பிடித்து வைக்கிறது, தரைக்கு அருகில் வந்ததும் அடிப்பக்கக் கேமரா நிலத்தைப் பார்த்துக் கால் ஊன்றிக்கொள்கிறது. தண்ணீருக்கு மேல் தாழ்வாகப் பறந்தால் இந்த அடிப்பக்கக் கேமரா அலையின் நகர்வைத் தன் நகர்வு என்று எடுத்துக்கொண்டு தடுமாறும், அதனால் நாலைந்து மீட்டராவது மேலேயே வையுங்கள். இன்னொரு எதிரி இரும்பு. காரின் மேலிருந்தோ கம்பி கட்டிய கான்கிரீட் தளத்திலிருந்தோ ஏற்றினால் காம்பஸ் குழம்பும். காம்பஸும் ஜிபிஎஸ்ஸும் ஆளுக்கொரு திசை சொன்னால் ட்ரோன் நிற்காமல் பெரிதாகிக்கொண்டே போகும் வட்டம் போடும். டாய்லெட் பவுல் என்று இதற்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, ஒரு தடவை பார்த்தால் ஏன் என்று புரியும். ஒரு மரப்பலகையோ பிளாஸ்டிக் கூடையோ போட்டு அதன் மேலிருந்து ஏற்றினால் பாதிப் பிரச்சினை தீரும்.

10 கிலோமீட்டர் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எதுவும் மறைக்காத, வேறு வைஃபை எதுவும் குறுக்கிடாத வெட்டவெளியில் ரேடியோ அலை அவ்வளவு தூரம் போகும். எந்த அளவு சக்தியில் ஒலிபரப்பலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறுவதால் அதே ட்ரோனுக்கே வேறு வேறு தூரம் போடுவார்கள். பல நாடுகளில் ட்ரோன் உங்கள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது சட்டம். இந்த அளவு ட்ரோன் என் கண்ணுக்கு 300 மீட்டர் தாண்டினாலே கொசு மாதிரிதான் தெரிகிறது. ஆகவே அந்த எண்ணின் உண்மையான லாபம், அருகில் பறக்கும்போது சிக்னல் உறுதியாக இருப்பது. ரிமோட்டின் ஆன்டெனா நுனியை ட்ரோனை நோக்கி நீட்டாதீர்கள், நுனிப் பக்கம்தான் அலை மிகக் குறைவு. தட்டையான பக்கம் ட்ரோனைப் பார்க்க வேண்டும்.

சரி, எதற்கெல்லாம் உதவும்? என் அனுபவத்தில் வீடியோவைவிட அதிகம் பயன்பட்டது, மனிதர் ஏணி வைத்து ஏற வேண்டிய இடங்களைப் பார்ப்பதில்தான். கூரை ஓடு, மழைநீர்க் குழாய், புகைபோக்கி, தண்ணீர்த் தொட்டி, சூரியத் தகடு. இதற்கு ஒரு சின்னக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ட்ரோன் கேமராக்களின் லென்ஸ் 24 மில்லிமீட்டருக்குச் சமமான அகலக்கோணம். 100 மீட்டர் உயரத்திலிருந்து நேர்கீழே பார்த்தால் சுமார் 150 மீட்டர் அகல நிலம் படத்தில் விழும். படத்தின் அகலம் 4000 பிக்சல் என்றால் ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். அதில் உடைந்த ஓட்டைத் தேட முடியாது. 10 மீட்டருக்கு இறங்கினால் ஒரு பிக்சலுக்கு 4 மில்லிமீட்டர், உடைந்த ஓடு பளிச்சென்று தெரியும். மயிரிழை விரிசல் அப்போதும் தெரியாது. இந்தக் கணக்கு தெரியாமல், மேலேயிருந்து ஒரே படம் எடுத்துவிட்டு ‘கூரை நன்றாக இருக்கிறது’ என்று அறிக்கை கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். சூரியத் தகட்டில் அழுக்கும் உடைப்பும் சாதாரணக் கேமராவில் தெரியும், ஆனால் உள்ளே சூடாகிப் பழுதான செல்லைக் கண்டுபிடிக்க வெப்பக் கேமரா வேண்டும். உங்கள் ட்ரோனில் அது இல்லை.

இரண்டாவது, நிலப்படம். ஒரு மனையை வரிசை வரிசையாகப் பறந்து, ஒரு படம் அடுத்த படத்தோடு 75 முதல் 80 சதவீதமும் பக்கத்து வரிசையோடு 60 முதல் 70 சதவீதமும் ஒன்றின் மேல் ஒன்று படும்படி எடுத்தால், மென்பொருள் அவற்றைத் தைத்து ஒரே படமாகவும் முப்பரிமாண உருவாகவும் தரும். மண் குவியல் எவ்வளவு, எங்கே தண்ணீர் தேங்குகிறது, போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் வேலை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்றெல்லாம் பார்க்க அருமையாக இருக்கும். படத்துக்குள் ஒன்றுக்கொன்று உள்ள தூரம் ஓரளவு நம்பகமானது. ஆனால் அந்த மனை பூமியில் எங்கே இருக்கிறது என்பதில் சாதாரண ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிப் போகும். எல்லைத் தகராறுக்கு இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அதற்குத் தரையில் அளந்து வைத்த குறிகளோ, சென்டிமீட்டர் துல்லியம் தரும் ஆர்டிகே வசதியுள்ள ட்ரோனோ வேண்டும், கூடவே உரிமம் பெற்ற அளவையாளரும் வேண்டும். எல்லா மாடல்களிலும் நிலப்பட மென்பொருள் தானியங்கியாக ஓடாது என்பதால், இதற்காகவே வாங்குவதாக இருந்தால் உங்கள் மாடலின் பெயர் அந்த மென்பொருளின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பயிரைப் பார்க்கலாமா என்றால், பார்க்கலாம். எந்தப் பகுதி மஞ்சளாகிவிட்டது, எங்கே முளைக்கவில்லை, எங்கே மாடு புகுந்தது என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரியும். ஏன் மஞ்சளானது என்பதை அது சொல்லாது, நடந்துபோய் இலையைத் திருப்பிப் பார்க்கத்தான் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் முன்பே வாட்டத்தைக் காட்டும் படங்களை இணையத்தில் பார்த்திருப்பீர்கள், அவை அகச்சிவப்பையும் பதிவுசெய்யும் பல்நிறமாலைக் கேமராவில் எடுத்தவை. காணாமல் போன ஆடுமாட்டைத் தேடுவது வெட்டவெளியில் நடக்கும், மரக்கூட்டத்துக்குள் நடக்காது. ஆளைப் பின்தொடரும் வசதியும் அப்படியேதான்: திறந்த பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவரை அழகாகப் பின்தொடரும், மரநிழலில் புகுந்ததும் தொலைத்துவிட்டு வேறு யாரையாவது பிடித்துக்கொள்ளும்.

படம், வீடியோ பற்றிச் சுருக்கமாக. பெட்டியில் போட்டிருக்கும் மெகாபிக்சலைவிட சென்சாரின் அளவைப் பாருங்கள். 1/2.3 அங்குலத்துக்கும் 1/1.3 அங்குலத்துக்கும் மாலை வெளிச்சத்தில் உள்ள வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியும். பகலில் வீடியோ வெட்டி வெட்டி ஓடுவது போலத் தெரிந்தால் காரணம் ஷட்டர் வேகம் மிகக் கூடுதலாக இருப்பது. வினாடிக்கு 25 ஃபிரேம் எடுத்தால் ஷட்டர் 1/50 அருகில் இருக்க வேண்டும், வெயிலில் அதற்கு லென்ஸுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டியாக வேண்டும். என்டி ஃபில்டர் என்று கேளுங்கள். மற்றபடி, புதியவர்களின் வீடியோவைக் கெடுப்பது கேமரா கிடையாது, விரல்தான். ஒரே நேரத்தில் ஏறி, திரும்பி, கேமராவையும் சாய்ப்பார்கள். ஒரு ஷாட்டுக்கு ஒரு அசைவு, அதுவும் மெதுவாக.

சட்டம் விஷயத்தில் 249 என்ற எண்ணுக்குக் காரணம், பல நாடுகளில் 250 கிராமுக்குக் கீழே விதிகள் தளர்வாக இருப்பதுதான். விதியே இல்லை என்று அதற்குப் பொருள் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கேமரா இருந்தால் இந்த எடைக்கும் இயக்குபவர் பதிவு செய்துகொள்ள வேண்டும், அமெரிக்காவில் பொழுதுபோக்குக்கு மட்டும் பறக்கவிட்டால் இந்த எடைக்குப் பதிவு வேண்டாம், வேலைக்குப் பறக்கவிட்டால் வேண்டும். விமான நிலையம் சுற்றிய தடை, 120 மீட்டர் உயர வரம்பு போன்றவை எடை குறைவு என்பதால் நீங்கிவிடாது. நீங்கள் இருக்கும் நாட்டின் விமானப் போக்குவரத்துத் துறை தளத்தில் அரை மணி நேரம் செலவழியுங்கள், என்னைப் போன்றவர்கள் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அதிக நேரம் பறக்க உதவும் பெரிய பேட்டரியைப் போட்டால் எடை 250-ஐத் தாண்டிவிடும், இறக்கைக் காப்பு மாட்டினாலும் அப்படித்தான். அதையும் கவனியுங்கள்.

வாங்கலாமா என்றால், கூரை பார்க்கவும் படம் எடுக்கவும் தாராளமாக வாங்கலாம். பணம் மிச்சமிருந்தால் கூடுதல் பேட்டரி இரண்டு, உதிரி இறக்கை ஒரு செட், இந்த இரண்டுக்கு மட்டும் செலவழியுங்கள். இறக்கையின் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்து, சின்னக் கீறல் தட்டினாலும் மாற்றிவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் பறக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைப் பாதியளவு சார்ஜில் வையுங்கள், உப்பியது போலத் தெரிந்தால் அதை மறுபடி போடவே போடாதீர்கள். செங்குத்தாக வேகமாக இறக்கினால் தான் கலக்கிய காற்றிலேயே விழுந்து தள்ளாடும், கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டே இறக்குங்கள். முதல் பத்து பேட்டரி சார்ஜைத் திறந்த மைதானத்தில், ட்ரோனின் மூக்கை உங்களைப் பார்க்க வைத்துக்கொண்டு எட்டுப் போடுவதற்கே செலவழியுங்கள். அப்படி நிற்கும்போது இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடும். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும், மூன்றாம் நாள் விரல் தானே பழகிக்கொள்ளும்.